முதல் வருஷப் பிள்ளைங்களுக்கு கிளாஸ் எடுக்கப் போற சார், மேடம் எல்லாருக்கும்

குமரி மாவட்டத்துல எந்தக் காலேஜா இருந்தாலும் சரி, வர்ற ஜூன் ஜூலைல புதுசா சேரப் போற பிள்ளைங்களுக்கு கிளாஸ் எடுக்கப் போற எல்லா சாருக்கும் மேடத்துக்கும் வணக்கம். நான் குலசேகரம் பக்கத்துல ஒரு ஊரு, அரசுப் பள்ளியில தமிழ் மீடியத்துல படிச்சேன், இப்ப பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முதல் வருஷம் முடிச்சிருக்கேன், வயசு 18. காலேஜ் பேரு சொல்லல, ஏன்னா நான் சொல்றது ஒரு காலேஜ பத்தி மட்டும் இல்ல. மார்த்தாண்டத்துல படிக்கிற ஃப்ரெண்டும் நாகர்கோவில்ல படிக்கிற ஃப்ரெண்டும் கோணத்துல படிக்கிற எங்க சித்தி மவனும் எல்லாரும் இதையேதான் சொல்றாங்க.

ஒரே ஒரு வேண்டுகோள்தான். முதல் மாசத்துல பாடத்த எங்க வீட்டுல இருந்து ஆரம்பிங்க. ஏன் கேக்குறேன்னு கொஞ்சம் நீட்டிச் சொல்றேன், பொறுமையா வாசிங்க ப்ளீஸ்.

பிளஸ் டூ வரைக்கும் எங்கள தள்ளிவிட ஆளு இருந்தாங்க. காலைல ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ், வாரா வாரம் டெஸ்ட், மார்க் குறைஞ்சா டீச்சர் வீட்டுக்கு போன் போடுவாங்க, அம்மா கோயில்ல நேர்ச்சை வைப்பாங்க, பக்கத்து வீட்டு மாமி கூட எத்தன மார்க்குன்னு கேப்பாங்க. முன்னால ஒரு பரீட்சை, அத எழுதணும், அவ்வளவுதான். எதுக்குப் படிக்கோம்னு யோசிக்கவே நேரம் கிடையாது. காலேஜ்ல அந்த தள்ளுற கையி எல்லாமே ஒரே நாள்ல எடுத்துருது. கிளாஸுக்கு வந்தா வா, வரலன்னா அட்டெண்டன்ஸ் போச்சு, 75 பர்சென்ட் இருந்தா போதும், இன்டெர்னல் 25, எக்ஸ்டெர்னல் 75, அவ்வளவுதான் எங்களுக்கு முதல் வாரத்துல சொன்னது. எதுக்குப் படிக்கோம்ங்கிற கேள்வி அப்பதான் முதல் தடவையா வருது, அதுக்குப் பதில் சொல்ல பக்கத்துல யாருமே இல்ல.

வீட்டுலயும் பதில் கிட்டாது. எங்க வீட்டுல முதல் தடவையா காலேஜ் போறது நான்தான். 2011 சென்சஸ்ல நம்ம மாவட்டத்துல எழுத்தறிவு 91.75 பர்சென்ட், தமிழ்நாட்டுலயே முதலிடம், அதனால இங்க படிக்கிறதுங்கிறது யாரும் ஆச்சரியப்படுற விஷயம் இல்ல, ஆனா என்ன படிக்கணும்னு எல்லாருக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கும். நர்சிங் போயிருக்கலாமே, வெளிநாடு போலாமே, கெமிஸ்ட்ரி படிச்சா என்ன ஜோலி கிட்டும்னு ஒரு கல்யாண வீட்டுல சாப்பிட்டு எழும்புறதுக்குள்ள நாலு பேரு கேட்டுட்டாங்க. எனக்கு பதில் தெரியல, அம்மாவுக்கும் தெரியல, அம்மா எனக்காக "அவளுக்கு பிடிச்சது படிக்கட்டும்"னு மட்டும் சொன்னாங்க. உண்மைய சொல்லணும்னா எனக்கு அது பிடிக்குமான்னே அப்ப தெரியாது, பிளஸ் டூல கெமிஸ்ட்ரில நல்ல மார்க், அதனால கெமிஸ்ட்ரி.

அந்த நேரத்துலதான் ஓரியண்டேஷன்னு ஆடிட்டோரியத்துல உக்கார வச்சு மோட்டிவேஷன் ஸ்பீச். வெளிய இருந்து ஒரு ஸ்பீக்கர் வந்தாரு, நல்லாத்தான் பேசினாரு, நாங்க எல்லாரும் கை தட்டினோம். நாலு மணிக்கு எழும்புறவன்தான் ஜெயிப்பான்னாரு. எங்க அப்பா ரப்பர் வெட்டுறவரு, இன்னொருத்தர் தோட்டத்துல கூலிக்கு. இருட்டுலயே நெத்தியில லைட்டு மாட்டிட்டு போயிருவாரு, ஏன்னா வெயிலு ஏறுறதுக்கு முன்னாடி மரத்துக்குள்ள அழுத்தம் இருக்கும்போதுதான் பால் நல்லா ஓடும். எனக்கு அறிவு தெரிஞ்ச நாள்ல இருந்து அப்பா நாலு மணிக்கு முன்னாடிதான் எழும்புறாரு. அந்த ஆடிட்டோரியத்துல உக்காந்து அதக் கேட்டப்ப எனக்கு ரொம்ப சங்கடமா இருந்துச்சு, அப்பா தோத்துப் போனவரு மாதிரி ஆயிருச்சு. என் பக்கத்துல இருந்த பிள்ளையோட அப்பா முட்டத்துல கடலுக்குப் போறவரு, அவளும் ஒண்ணும் பேசல.

அப்புறம் சிவன் சாரும் நாராயணன் சாரும். இத தப்பா எடுத்துக்காதீங்க, அவங்க ரெண்டு பேரும் எனக்கு ரொம்பப் பெருமை. சிவன் சார் சரக்கல்விளை, தமிழ் மீடியம், நாகர்கோவில் இந்துக் கல்லூரியில பி.எஸ்சி. மேத்ஸ் படிச்சிட்டு போயி 2018ல இஸ்ரோ தலைவர் ஆனவரு. நாராயணன் சார் மேலக்காட்டுவிளை, டிப்ளமா படிச்சு, இஸ்ரோல சேர்ந்த பிறகும் படிச்சு, ராக்கெட்டோட கிரையோஜெனிக் என்ஜின்ல வேலை பாத்து, 2025 ஜனவரில அதே பதவிக்கு வந்தாரு. ஒரே சின்ன மாவட்டத்துல இருந்து இது சாதாரண விஷயமா? ஆனா மேடையில சொல்லும்போது கதை ஏழை வீட்டுல ஆரம்பிக்கும், அடுத்த நிமிஷம் ராக்கெட்டுக்குப் போயிரும். நடுவுல உள்ளத யாருமே சொல்ல மாட்டேங்குறாங்க. தமிழ் மீடியத்துல படிச்சிட்டு இங்கிலீஷ் கிளாஸ்ல போயி உக்காந்தப்ப முதல் செமஸ்டர் எப்படிப் போச்சு, புரியாதத யார்கிட்ட போயி கேட்டாங்க, எந்தப் பாடத்துல "அட, இது நமக்கு வரும்"னு தோணிச்சு, எந்த சார் என்ன சொன்னாரு. எங்களுக்கு வேண்டியது அந்த நடுப் பக்கம்தான், நாங்க இப்ப இருக்கிறது அங்கதான்.

முதல் செமஸ்டர்ல என் நிலைமை என்னன்னா, கிளாஸ்ல உக்காருவேன், போர்டுல உள்ளத எழுதுவேன், வீட்டுக்கு வந்து நோட்ட திறந்தா நான் எழுதினதுதானான்னு எனக்கே தெரியாது. படிக்கப் பிடிக்கலன்னு இல்ல, பிடிக்குறதுக்கு ஒரு பிடி இல்ல. ஜூன்ல ஆரம்பிக்குற எடவப்பாதி மழை வேற அந்த வருஷம் விடாம பெய்யுது. மழை பெஞ்சா ரப்பர் வெட்டு கிடையாது, வெட்டு இல்லன்னா அப்பாவுக்கு கூலி கிடையாது. எங்க பக்கம் காலேஜ் ஃபீஸ் கட்டுற நேரமும் வெட்டு நிக்குற நேரமும் ஒண்ணாத்தான் வரும், இத ஆபீஸ்ல உள்ளவங்க யாராவது யோசிச்சிருக்காங்களான்னு தெரியல, ஃபீஸ் ஒரு மாசம் தள்ளிக் கட்ட விட்டா எத்தனையோ வீட்டுல குழு லோன் எடுக்க வேண்டாம். புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வருது, டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, இது ரெண்டும் இல்லாம இருந்தா நான் இப்ப இத எழுதிட்டு இருக்க மாட்டேன், லேப் கோட்டும் ரெக்கார்டு நோட்டும் அந்த 1000 ரூபாலதான் வாங்கினேன். ஆனா பணத்தால பஸ் ஏத்தி காலேஜ் வாசல் வரைக்கும் கொண்டு விட முடியும், கிளாஸுக்குள்ள மனசு வரணும்னா அது உங்க கையிலதான் இருக்கு.

அது எப்படின்னு எங்க டிபார்ட்மெண்ட்லயே ஒரு மேடம் காட்டினாங்க.

அன்னைக்கு ஃபீனால் நடத்திட்டு இருந்தாங்க. மத்தியானம் கிளாஸ், மழை இருட்டு, பாதிப் பேரு தூங்கிட்டு இருந்தோம். மேடம் சாக்பீஸ கீழ வச்சிட்டு, "இங்க யாரு வீட்டுல அண்டி ஆபீஸ்ல வேலை பாக்குறாங்க?"ன்னு கேட்டாங்க. முதல்ல யாரும் கை தூக்கல. காலேஜ் வந்தப்புறம் அதச் சொல்ல எல்லாருக்கும் ஒரு கூச்சம் உண்டு. அப்புறம் பின்னால ஒரு பையன் தூக்கினான், நான் தூக்கினேன், பாத்தா கிளாஸ்ல கால்வாசிப் பேரு கை மேல நிக்குது. வெளியூர்க்காரங்களுக்கு சொல்றேன், முந்திரிக்கொட்டைய வேக வச்சு உடைச்சு பருப்பு எடுக்குற கம்பெனிய நாங்க அண்டி ஆபீஸ்னுதான் சொல்லுவோம், நம்ம மாவட்டத்துல மேக்க உள்ள ஊர்கள்ல எத்தனையோ அம்மாமாருக்கு அதுதான் வேலை. "அம்மாவுக்க கை எப்படி இருக்கும்?"ன்னு அடுத்தக் கேள்வி.

கருப்பா இருக்கும் மேடம். தோல் உரியும். நகத்தோட ஓரம் வெடிச்சிருக்கும். சாப்பிடும்போது குழம்புல உள்ள உப்பும் காரமும் பட்டா எரியும், அதனால அம்மா சில நாள் கரண்டிய வச்சு சாப்பிடுவாங்க. சோப்பு போட்டு எத்தன தேய்ச்சாலும் கறை போவாது. நான் சொல்லச் சொல்ல மத்தவங்களும் சொல்ல ஆரம்பிச்சாங்க, தேங்காண்ணெய் தடவிட்டுத்தான் வேலைக்கு உக்காருவாங்க, எங்க பாட்டி சாம்பல் பூசுவாங்க, இப்படி.

மேடம் போர்டுல அறுகோணம் ஒண்ணு வரைஞ்சாங்க, அதுல ஒரு ஓஹெச், பக்கத்துல ஒரு அமிலத் தொகுதி, அதுக்கு அடுத்ததுல நெளிஞ்சு நெளிஞ்சு போற நீளமான வாலு, 15 கார்பன். அனகார்டிக் அமிலம், முந்திரித் தோட்டுக்குள்ள இருக்குற எண்ணெயில முக்கியமான பொருள் இதுதான்னாங்க. மேல இருக்குற வளையம்தான் தோல பொள்ள வைக்குது, கீழ இருக்குற வாலு எண்ணெய்த்தன்மை உள்ளது, அதனால தண்ணியில கரையாது, தோல்ல உள்ள கொழுப்போட போயி ஒட்டிக்கிடும். எண்ணெய் எண்ணெயோடதான் சேரும், அதனாலதான் உங்க அம்மா முன்னாடியே தேங்காண்ணெய் தடவுறாங்க, யாரும் பாடம் சொல்லிக் குடுக்காமலே அவங்க கண்டுபிடிச்ச வழி அதுன்னாங்க. சேராங்கொட்டை தெரியும்ல, வண்ணாரு துணிக்கு குறி போடுறது, தொட்டா உடம்பெல்லாம் தடிச்சிரும், அதுவும் மாமரமும் முந்திரியும் ஒரே குடும்பம், எல்லாத்துலயும் இந்த மாதிரி பொருள் உண்டு. இந்த அனகார்டிக் அமிலத்த சூடாக்கினா கார்பன்டைஆக்சைடு போயிரும், கார்டனால்னு ஒரு பொருள் கிட்டும், அதுல இருந்து பெயிண்டு, வார்னிஷ், வண்டியோட பிரேக்கு லைனிங் வரைக்கும் செய்றாங்க. எங்க அம்மா கையப் பொள்ள வைக்குற எண்ணெய் பஸ்ஸோட பிரேக்குல இருக்குன்னு நான் அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

பெல் அடிச்சும் யாரும் எழும்பல. எப்பவும் வாயே திறக்காத பையன் ஒருத்தன் அப்ப அந்த வாலு நீளம் குறைஞ்சா என்ன ஆகும்னு கேட்டான். மேடம் அடுத்த கிளாஸ்ல பேசலாம்னு சொல்லிட்டு போனாங்க, நான் பஸ்ல போகும்போது அந்த அறுகோணத்த கையிலயே வரைஞ்சு பாத்துட்டுப் போனேன்.

வீட்டுக்குப் போயி அம்மாகிட்ட சொன்னேன், வால பத்தி, சோப்பு போட்டும் கறை ஏன் போவலங்கிறத பத்தி எல்லாம். அம்மா முழுசா கேட்டுட்டு, "செரி மக்ளே, அப்ப கை எரியாம இருக்க என்ன வழின்னு ஒங்க மேடத்துக்கிட்ட கேட்டியா?"ன்னாங்க. கையுறை போடலாமேன்னேன். போட்டா பருப்பு உடையும், வேகம் வராது, கிலோ கணக்குலதான கூலின்னாங்க. எனக்கு பதில் இல்ல. இன்னைக்கு வரைக்கும் இல்ல. ஆனா அந்தக் கேள்விக்கு அப்புறம் எதுக்குப் படிக்கோம்னு நான் யோசிக்கல, லைப்ரரில போயி புக் எடுத்தேன், ரெண்டாவது செமஸ்டர்ல முன்னாடி பெஞ்சுக்கு மாறினேன். கையோட ஒட்டிக்கிடுற மாதிரி, விரல் அசைவ தடுக்காத மாதிரி, விலை குறைஞ்சதா, தோலுக்கும் எண்ணெய்க்கும் நடுவுல நிக்குற ஏதாவது ஒண்ணு செய்ய முடியுமா? அதுக்கு நான் இன்னும் எவ்வளவு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி படிக்கணும்? எம்.எஸ்சி. போகணுமா? எங்க போகணும்? ஜாம்னு ஒரு பரீட்சை இருக்கு, அத எழுதினா ஐ.ஐ.டி.ல எம்.எஸ்சி. படிக்கலாம்ங்கிறதே எனக்கு பஸ்ல வர்ற மூணாம் வருஷ அக்கா சொல்லித்தான் தெரியும், அந்த அக்காவுக்கே மூணாம் வருஷம் பாதியிலதான் தெரிஞ்சுதாம், படிக்க நேரம் இல்லாம போச்சுன்னு வருத்தப்பட்டாங்க. இத முதல் வாரத்துலயே அட்டெண்டன்ஸ் பத்தி சொல்லும்போது சேத்து சொல்றதுக்கு அஞ்சு நிமிஷம் ஆகுமா?

நான் கேக்குறது இதத்தான். சிலபஸ் பல்கலைக்கழகத்துல இருந்து வருது, அத மாத்தச் சொல்லல. செமஸ்டர் சின்னது, பாடம் நிறைய, நீங்க பேப்பர் திருத்தணும், நிறைய பேரு கௌரவ விரிவுரையாளரா குறைஞ்ச சம்பளத்துக்கு ஓடிட்டு இருக்கீங்க, அதெல்லாம் நாங்க பாத்துட்டுத்தான் இருக்கோம். ஆனா நம்ம மாவட்டத்துல பாடத்துக்கு உதாரணம் தேடி அலையவே வேண்டாம். எங்க அப்பா ரப்பர் பால்ல ஃபார்மிக் ஆசிட் ஊத்தி தட்டுல வச்சா கட்டியாகுது, ஏன்? பால்ல உள்ள துகளுக்கு மேல நெகட்டிவ் சார்ஜ் இருக்கு, அதனால ஒண்ணை ஒண்ணு தள்ளிட்டு மிதக்குது, ஆசிட் அந்த சார்ஜ இல்லாமப் பண்ணிருது, எல்லாம் ஒண்ணு கூடிருது. அம்மோனியா ஊத்தினா நாள் கணக்கா கெடாம திரவமாவே இருக்கும். துகள் திரவத்துல கரையாம மிதக்குற கூழ்மம் பாடம் முழுசும் ஒரு தட்டுல. அது வர்ற சர்ஃபேஸ் கெமிஸ்ட்ரி நடத்தினப்ப புக்குல உள்ள உதாரணம்தான் எழுதிப் போட்டாங்க, கிளாஸ்ல பாதிப் பேரு வீட்டுல ஷீட் அடிக்கிற ரோலர் இருக்கு, ஒருத்தர்கிட்ட கூட கேக்கல.

மணவாளக்குறிச்சி கடற்கரை மணல எடுத்துக்கோங்க. 1909ல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரரு, இங்க இருந்து கப்பல்ல போன கயித்து நார்ல ஒட்டியிருந்த மணலப் பாத்துத்தான் அதுல மோனசைட்ங்கிற கனிமம் இருக்குன்னு கண்டுபிடிச்சாரு. அப்ப கேஸ் லைட்டுல வெளிச்சம் குடுக்குற மேண்டில் வலைக்கு தோரியம் வேணும், அது மோனசைட்ல இருக்கு. நம்ம ஊரு தேங்கா மட்டைய அழுக வச்சு அம்மாமாரு திரிச்ச கயிறுல இருந்து ஆரம்பிச்ச கதை அது. இன்னைக்கு அந்த மணல எடுக்கலாமா கூடாதான்னு கிள்ளியூர் பக்கம் கடலோர மக்கள் போராடிட்டு இருக்காங்க, கேன்சர் வருதுன்னு பயப்படுறாங்க. என் கூட படிக்கிற முட்டத்துப் பிள்ளை தினமும் வீட்டுல இந்தப் பேச்சுதான்னு சொல்லுவா. அந்த மணல்ல உள்ள இல்மனைட்னா என்ன, மோனசைட்ல இருக்குற தோரியம் என்ன கதிர வெளியிடும், அத எப்படி அளக்குறது, இத முதல்ல படிச்சு அந்த ஊர்ல போயி விளக்க வேண்டியது அவதான. அவளுக்கு இதவிட பெரிய மோட்டிவேஷன் யாரு குடுக்க முடியும்? ஃபிசிக்ஸ் எடுக்குற சார்களுக்கும் உண்டு, ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் பக்கம் பஸ்ல போனா ரெண்டு பக்கமும் காத்தாடி, காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா அதுல இருந்து கிட்டுற சக்தி எட்டு மடங்காகும்னு ஒரு தடவை சொல்லுங்க, அந்தப் பிள்ளைங்க அப்புறம் அந்த வழியா போகும்போது தூங்க மாட்டாங்க.

தமிழ் மீடியத்துல இருந்து வர்ற பிள்ளைங்களுக்கு முதல் மாசம் மட்டும் ரெண்டு மொழியிலயும் சொல்லுங்க. நாங்க இங்கிலீஷ் படிக்க மாட்டோம்னு சொல்லல, படிச்சுக்குவோம், எப்படியும் எழுதணும்ல. ஆனா பாடம் புரியாததும் மொழி புரியாததும் ஒரே நேரத்துல வந்தா, எது புரியலன்னு எங்களாலயே பிரிச்சு சொல்ல முடியாது, அப்புறம் நமக்கு மண்டையில ஏறாதுன்னு முடிவு பண்ணிட்டு பின்னாடி பெஞ்சுக்குப் போயிருவோம். என் கூட சேர்ந்த ஒரு பிள்ளை தீபாவளிக்கு அப்புறம் வரவே இல்ல. ஸ்கூல்ல நல்லா படிச்சவ. இப்ப மார்த்தாண்டத்துல ஒரு துணிக்கடையில நிக்குறா. அவ வராத முதல் வாரத்துல யாராவது ஒருத்தர் போன் பண்ணி ஏம்மா வரலன்னு கேட்டிருந்தா அவ வந்திருப்பாள்னு நான் இப்பவும் நம்புறேன். அட்டெண்டன்ஸ் குறைஞ்சா காண்டோனேஷன் ஃபீஸ்னு அபராதம் கட்டச் சொல்லி நோட்டீஸ் போர்டுல பேரு வந்துச்சு, அவ்வளவுதான், அவ அந்த போர்ட பாக்குறதுக்கே வரல. தயவுசெஞ்சு ஒரு பிள்ளை தொடர்ந்து மூணு நாள் வரலன்னா ஒரு போன் பண்ணுங்க. இதுக்கு கமிட்டி எல்லாம் வேண்டாம்.

கடைசியா, ஓரியண்டேஷன் ஸ்பீச் வேண்டாம்னு சொல்லல, வைங்க. ஆனா அதுல ஒரு மணி நேரத்த உங்க டிபார்ட்மெண்ட்ல படிச்சிட்டுப் போன அக்கா அண்ணன் ரெண்டு பேருக்குக் குடுங்க, பெரிய ஆளா இருக்கணும்னு இல்ல, ரப்பர் கம்பெனி லேப்ல இருக்கிறவங்க, ஸ்கூல்ல டீச்சரா இருக்கிறவங்க, எம்.எஸ்சி. படிச்சிட்டு இருக்கிறவங்க, அவங்க முதல் வருஷத்துல எங்க முட்டி நின்னாங்கன்னு மட்டும் சொல்லட்டும். இன்னொரு மணி நேரத்த லேப்ல வைங்க. எங்க டிபார்ட்மெண்ட்ல சம்மதிச்சா அதுக்கு வேண்டியத நானே கொண்டு வர்றேன், அப்பாகிட்ட சொல்லி ரெண்டு லிட்டர் ரப்பர் பால், கட்டியாகாம இருக்க கொஞ்சம் அம்மோனியா ஊத்தி பாட்டில்ல கொண்டு வர்றேன், அம்மாகிட்ட கேட்டு ஒரு பொதி அண்டித் தோடும் வாங்கித் தர்றேன். ஆசிட்டும் கையுறையும் லேப்ல இருக்கு. மழை சரியா பிடிச்சிட்டா பால் கிட்டாது, அதனால தேதிய கொஞ்சம் முன்னாடியே சொல்லிருங்க.

இப்படிக்கு,
ஜூன்ல ரெண்டாம் வருஷம் போற ஒரு கெமிஸ்ட்ரி மாணவி